பீடியாட்ரிக் கார்டியாலஜி ஃபெலோஷிப்ல எதுக்கு ஒரு வருஷம் ரிசர்ச்?

சார், பொண்ணு அமெரிக்கால மூணு வருஷம் பீடியாட்ரிக்ஸ் ரெசிடென்சி, அதாவது குழந்தை மருத்துவப் பயிற்சி முடிச்சு, அதுக்கு மேல குழந்தைங்க இதயத்துக்கான கார்டியாலஜி ஃபெலோஷிப் இன்னும் மூணு வருஷம், அதுலயும் கிட்டத்தட்ட ஒரு வருஷம் ரிசர்ச்னு கேட்டதும் "குழந்தைங்கள பாக்காம கம்ப்யூட்டர் முன்னாடி உக்காரவா இவ்ளோ படிச்சா"ன்னு கேக்குறீங்க, நியாயம்தான். ஆனா அது அவளா எடுத்துக்கிறது இல்ல. அங்க ஸ்பெஷலிஸ்ட்னு சர்டிபிகேட் குடுக்குற போர்டு எக்ஸாம் எழுதணும்னா ரிசர்ச் வேலை காட்டியே ஆகணும், அத மேற்பார்வை பண்ண குறைஞ்சது மூணு பேர் கமிட்டி இருக்கும். பேப்பர் வெளியானாதான் கணக்குன்னும் இல்ல, வெளி நிதிக்கு எழுதி, ஏத்துக்கப்பட்ட இல்லன்னா நல்ல மதிப்பீடு வாங்குன கிராண்ட் அப்ளிகேஷன் கூட ஏத்துப்பாங்க.

இதுல பசங்க மாட்டிக்கிறது எங்கன்னா, பேஷன்ட்ஸ சேத்து சிகிச்சைய சோதிக்கிற பெரிய ட்ரையல் ஒண்ணு நானே நடத்துறேன்னு கிளம்புறது. பிறவி இதயக் கோளாறுல ஒவ்வொரு வகையும் அரிது, ஒரே ஆஸ்பத்திரில கேஸ் சேரவே வருஷக்கணக்காகும். ஒரே ஒரு வென்ட்ரிக்கிள் (இதயத்தோட கீழ் அறை) மட்டும் வேலை செய்யுற குழந்தைகளுக்கு பண்ற நார்வுட் ஆபரேஷன்ல எந்த ஷன்ட் (நுரையீரலுக்கு ரத்தம் போக வெக்கிற குழாய்) நல்லதுன்னு பாத்த ட்ரையலுக்கு 15 ஆஸ்பத்திரி சேர வேண்டியிருந்துச்சு, ரிசல்ட் 2010லதான் வந்துச்சு. அத நடத்துன பீடியாட்ரிக் ஹார்ட் நெட்வொர்க் தன்னோட டேட்டாவ மத்தவங்க ஆராய்ச்சிக்கும் குடுக்குது, புது பேஷன்ட் சேக்காமலே அதுலேர்ந்து ஒரு நல்ல கேள்விக்கு பதில் தேடலாம். டாபிக்க விட மெண்டர் முக்கியம் சார், முதல் வருஷத்துலயே ஆள புடிச்சிட சொல்லுங்க, எதிக்ஸ் அப்ரூவல், ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கத்துக்கிறது இதுக்கெல்லாம் நேரம் ஓடிடும்.

நீங்க கவலைப்பட வேண்டியது விசா. ஜே-1ங்கற எக்ஸ்சேஞ்ச் விசால டாக்டர் ட்ரெய்னிங் பொதுவா ஏழு வருஷம்தான். மூணும் மூணும் ஆறு, அப்புறம் கேத்தட்டர் (ரத்தக்குழாய் வழியா பண்ற சிகிச்சை) இல்லன்னா எலக்ட்ரோபிசியாலஜி (இதயத்துடிப்புக் கோளாறு)ன்னு ஒரு வருஷம் போட்டா தீந்துச்சு. கூட ஒரு வருஷம் ரிசர்ச் பண்ணலாம்னா டி32ங்கற அரசாங்க ட்ரெய்னிங் கிராண்ட் சிட்டிசன், கிரீன் கார்டுகாரங்களுக்குத்தான், ஆராய்ச்சி பண்ற டாக்டர்களுக்கு அரசாங்கம் குடுக்குற கே08, கே23 அவார்டும் அப்படியே. அதே மாதிரி கே99ங்கற அவார்டு மட்டும் வெளிநாட்டுக்காரங்களும் போடலாம், ஆனா போட்டி பயங்கரம்.

அதனால இன்டர்வியூல கூச்சப்படாம கேக்கச் சொல்லுங்க: ஜே-1ல வர்றவங்களோட ரிசர்ச் மாசங்களுக்கு சம்பளம் எந்த ஃபண்ட்லேர்ந்து வருது, அந்த மாசங்கள்ல நைட் டியூட்டி எத்தன போடுவீங்க, போன ரெண்டு பேட்ச் ஃபெலோஸ் என்ன பப்ளிஷ் பண்ணாங்க. மழுப்புனாங்கன்னா அந்த ப்ரோகிராம லிஸ்ட்ல கீழ தள்ளிடலாம், ஊர் பேரு எவ்ளோ பெருசா இருந்தாலும் சரி.