பிக்கப்புக்கு எவர்சில்வர் மினுமினுப்பு: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

பிக்கப் வண்டிகளுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சாமான்கள் மாட்டுவது, மற்றவர்கள் மாட்டிக் கெடுத்ததைக் கழற்றிச் சரி செய்வது, இந்த இரண்டும்தான் என் பிழைப்பு. உண்மையைச் சொன்னால் இரண்டாவது வேலைதான் அதிகம் வருகிறது. வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: வெள்ளை டபுள் கேப் வைத்திருக்கிறேன். கையில் காசு கம்மி. ஒரே ஒரு பொருள் மாட்டினாலும் எடுப்பாகத் தெரிய வேண்டும். எதை வாங்குவது?

சைடு ஸ்டெப், அதாவது கதவுக்குக் கீழே கால் வைத்து ஏறும் நீளக் குழாய். யோசிக்கவே வேண்டாம். பிக்கப்பைப் பக்கவாட்டில் பார்த்தால் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில், கதவுக்குக் கீழே வெறும் காற்றுதான் இருக்கும். வண்டி ஏதோ கொக்கு மாதிரி நிற்கும். அந்த இடத்தில் ஒரு நீளக் கோடு விழுந்ததும் வண்டியே தாழ்ந்து அகலமானது போலத் தெரியும். காசு மிச்சமிருந்தால் அடுத்து கதவுக்குக் கீழ் ஓரத்தில் ஒட்டும் பட்டை, அப்புறம் பின்னால் சரக்கு ஏற்றும் தொட்டியின் மேல் விளிம்புக்கு மூடி. கைப்பிடி மூடி, கண்ணாடி மூடி, பெட்ரோல் டேங்க் மூடி என்று செட்டாக விற்பார்கள், அதை விட்டுவிடுங்கள். பெரும்பாலும் அது ஸ்டீலே கிடையாது, பிளாஸ்டிக்கின் மேல் குரோம் பூசியது.

ஃபினிஷ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்கும் கறுப்புக்கும் முகம் தெரிகிற மாதிரி பளபளக்கும் மிரர் ஃபினிஷ் நன்றாக எடுக்கும், கறுப்பில் கைரேகைதான் தொல்லை. சில்வர் கலர் வண்டிக்கு, மெல்லிய கோடுகளோடு மங்கலாக இருக்கும் பிரஷ் ஃபினிஷ் போட்டால் போட்டதே தெரியாது. இரண்டு ஃபினிஷையும் ஒரே வண்டியில் கலக்காதீர்கள். ஒன்று மாட்டியதும் பத்தடி தள்ளி நின்று ஒரு முறை பாருங்கள், அடுத்தது வேண்டுமா வேண்டாமா என்று வண்டியே சொல்லிவிடும்.

கேள்வி: ஸ்டீல் ரகத்துக்கு 304, 316, 430, 201 என்று ஆளாளுக்கு ஒரு நம்பர் சொல்கிறார்கள். எனக்கு எது?

சுருக்கமாக: 304. கடற்கரைப் பக்கமோ, பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் ஊரோ என்றால் 316.

ஏன் என்று தெரிந்துகொண்டால் யாரும் ஏமாற்ற முடியாது. இரும்பில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் கலந்தால்தான் அதற்கு ஸ்டெயின்லெஸ் என்று பெயர். அந்தக் குரோமியம் காற்றிலிருக்கும் ஆக்ஸிஜனோடு சேர்ந்து மேலே ஒரு தோல் போட்டுக்கொள்ளும், கண்ணுக்கே தெரியாத, சில நானோமீட்டர் தடிமன் தோல். கீறினாலும் தானே திரும்ப வளரும். பெயின்ட்டுக்கும் குரோம் பூச்சுக்கும் இந்த வித்தை தெரியாது. 304-இல் ஏறக்குறைய 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். 316-இல் கூடவே 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் உண்டு, உப்பைத் தாங்குவது அதனால்தான். 430-இல் நிக்கல் கிட்டத்தட்ட இல்லை. விலை குறைவு, மெல்லிய அலங்காரப் பட்டைக்குப் பரவாயில்லை, சேறும் தண்ணீரும் அடிக்கும் கீழ்ப்பகுதிக்கு வேண்டாம். 201-இல் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைப் போட்டிருப்பார்கள். புதிதாக இருக்கும்போது பக்கத்தில் வைத்தால் 304-க்கும் அதற்கும் வித்தியாசம் யாருக்கும் தெரியாது. ஒரு மழைக்காலம் போனால் தெரியும்.

கேள்வி: அண்ணா, 304 என்று சொல்லி வாங்கிய ரோல் பாரில் (தொட்டிக்கு மேல் நிற்கும் வளைந்த குழாய்) காந்தம் ஒட்டுகிறது. ஏமாந்துவிட்டேனா?

எங்கே ஒட்டுகிறது என்று பாருங்கள் தம்பி. வளைவில் மட்டும் லேசாக இழுத்தால் கவலைப்படாதீர்கள். 304-ஐச் சூடாக்காமல் வளைக்கும்போது உள்ளே படிக அமைப்பு கொஞ்சம் மாறி அந்த இடம் காந்தத்தைப் பிடிக்கும். நேர் குழாயில் காந்தம் டப்பென்று ஒட்டிக்கொண்டு விழாமல் நின்றால் அது 430 அல்லது பூச்சு போட்ட சாதா இரும்பு.

ஆனால் காந்தம் ஒட்டவில்லை என்பதற்காக நிம்மதியாகிவிட வேண்டாம். 201-லும் ஒட்டாது! அதைப் பிரிக்க மாங்கனீசைக் காட்டும் சோதனைத் திரவம் கிடைக்கிறது. பின்பக்கம் மறைவான இடத்தில் ஒரு சொட்டு விட்டு நிறத்தைப் பார்க்கலாம். அதெல்லாம் முடியாது என்றால் ஸ்டீல் ஆலை தரும் மில் சான்றிதழ் கேளுங்கள், கேட்டதும் கடைக்காரர் முகம் எப்படி மாறுகிறது என்பதும் ஒரு சோதனைதான்.

கேள்வி: மாட்டி மூன்று மாதம்தான் ஆகிறது. சைடு ஸ்டெப் முழுக்கப் பழுப்புப் புள்ளி. துருப்பிடிக்காத ஸ்டீல் என்று பெயர் வைத்துவிட்டு இப்படியா?

கோபம் புரிகிறது. ஆனால் அந்தப் புள்ளியில் பாதி உங்கள் ஸ்டெப்பின் துருவே இல்லை, வெளியிலிருந்து வந்து உட்கார்ந்த இரும்பின் துரு. பிரேக் பிடிக்கும்போது பறக்கும் தூள், பக்கத்தில் யாரோ கிரைண்டர் போட்ட பொறி, கழுவும்போது தேய்த்த இரும்பு நார், எல்லாம் மேலே ஒட்டி ஈரத்தில் துருப்பிடிக்கும். மீதிப் பாதிக்கு உப்புதான் காரணம். குளோரைடு அந்த மெல்லிய தோலை ஓட்டை போடும். சேறு அப்பி மூடியிருக்கும் இடத்துக்கு ஆக்ஸிஜனும் போகாது, அதனால் தோல் திரும்ப வளராது. ஸ்டெப்பின் அடிப்பக்கம்தான் முதலில் கெடுவதற்கு இதுவே காரணம்.

முதலில் சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். போகாவிட்டால் ஆக்ஸாலிக் அமிலம் கலந்த ஸ்டெயின்லெஸ் கிளீனர் தூளைக் குழைத்து, கையுறை போட்டுக்கொண்டு, மெத்தென்ற துணியால் தேய்த்துக் கழுவிவிடுங்கள். பிரஷ் ஃபினிஷ் என்றால் அதில் ஓடும் கோடுகளின் வாக்கிலேயே தேய்க்க வேண்டும், வட்டம் போடக்கூடாது. இரும்பு நார், பிளீச்சிங், கழிவறை ஆசிட் மூன்றையும் கிட்டவே கொண்டு போகாதீர்கள். பிளீச்சிலும் கழிவறை ஆசிட் பலவற்றிலும் இருப்பது அதே குளோரின் குடும்பம்தான்.

இன்னொன்று. புள்ளிகள் வெல்டிங்கைச் சுற்றி மட்டும் வரிசையாக இருந்தால் அது செய்தவர் தவறு. வெல்டிங் சூட்டில் நீலமும் பழுப்புமாக நிறம் மாறிய இடத்தில் பாதுகாப்புத் தோல் பலவீனமாகிவிடும், அதை அமிலப் பசை போட்டு எடுத்திருக்க வேண்டும். அந்தப் பசையில் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் இருக்கும், எலும்பு வரை போகிற விஷம், அதனால் வீட்டில் வைத்துச் செய்யும் வேலை இல்லை. பட்டறைக்கே திருப்பி அனுப்புங்கள்.

கேள்வி: ஸ்டீல் ஸ்டீலோடு சேர்வதில் என்ன பிரச்சினை இருக்கப்போகிறது? மாட்டும்போது நடுவில் எதற்கு ரப்பர், நைலான் வாஷர் எல்லாம்?

யாராவது இதைக் கேட்க மாட்டார்களா என்றுதான் காத்திருந்தேன். சாமான் பளபளவென்று இருக்கும், அதன் பின்னால் வண்டி கரைந்துகொண்டிருக்கும். நான் கழற்றிய வண்டிகளில் பாதி இந்தக் கதைதான்.

இரண்டு வேறு உலோகம் தொட்டுக்கொண்டு, நடுவில் ஈரமும் இருந்தால் அது ஒரு சின்ன பேட்டரி. அதில் எப்போதும் மட்டமான உலோகம்தான் கரையும். ஸ்டெயின்லெஸ்ஸோடு சேர்ந்தால் அலுமினியம், துத்தநாகம், சாதா இரும்பு மூன்றுமே மட்டம். ஃபோர்டு எஃப்-150 எல்லாம் 2015 மாடலிலிருந்து அலுமினிய பாடி, அந்த மாதிரி வண்டியில் ஸ்டெயின்லெஸ்ஸை நேராக வைத்து முடுக்கினால் பெயின்ட்டுக்கு அடியில் வெள்ளைப் பொடி கிளம்பிக் கொப்புளம் விடும். அளவும் முக்கியம். பெரிய ஸ்டெயின்லெஸ் தகட்டை நாலு சின்ன அலுமினிய ரிவெட்டில் பிடித்திருப்பார்கள். பெரியது முழுக்கச் சேர்ந்து அந்த நாலையும் தின்றுவிடும். ஒரு தொட்டி மூடியைக் கழற்றப் போனேன், விரலால் தள்ளியதுமே ரிவெட்டின் தலை மாவாக உதிர்ந்தது.

வழி ரொம்ப எளிது. தொடுகிற இடத்தில் ரப்பர் தாள், போல்ட்டின் கழுத்துக்கு நைலான் புஷ் (சின்னக் குழாய் உறை), இரண்டு பக்கமும் நைலான் வாஷர். துளை போட்டால் பிசிறை எடுத்துவிட்டு, ஓரத்தில் துரு தடுப்பு பிரைமரும் பெயின்ட்டும் தொட்டுக் காயவிட்டு அப்புறம் மாட்டுங்கள். அந்தப் பத்து நிமிடத்துக்குச் சோம்பல் பட்டு வண்டியின் தகட்டையே மாற்றியவர்கள் இருக்கிறார்கள். முடிந்தவரை சேசிஸில் ஏற்கெனவே இருக்கும் துளைகளைப் பிடிக்கும் பிராக்கெட்டாகப் பார்த்து வாங்குங்கள், துளை போடுகிற வேலையே வேண்டாம்.

கேள்வி: ஒட்டும் பட்டைகள் ஓடும்போது பிய்ந்து போகாதா? ஸ்க்ரூ போட்டுவிடலாமா?

நல்ல அக்ரிலிக் ஃபோம் டேப் என்றால் போகாது, ஒட்டுகிற விதம்தான் கெடுக்கும். மெழுகோ செராமிக் கோட்டிங்கோ இருந்தால் அந்த இடத்தில் முதலில் எடுத்தாக வேண்டும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து துடையுங்கள். தகடு 20 டிகிரிக்கு மேல் வெதுவெதுப்பாக இருக்கட்டும், 10 டிகிரிக்குக் கீழே ஒட்டவே ஒட்டாதீர்கள். ஒட்டியதும் முழு நீளத்துக்கும் ரோலரால் நன்றாக அழுத்துங்கள். பிடிப்பு முழுசாக வர 72 மணி நேரம் ஆகும், அதுவரை வாட்டர் சர்வீஸ் பக்கம் போகாதீர்கள்.

பெரிய கம்பெனிக்கே இதில் சறுக்கியிருக்கிறது. 2025 மார்ச்சில் டெஸ்லா தன் சைபர்டிரக் பிக்கப்புகளில் 46,000-க்கும் மேல் திரும்ப அழைத்தது, முன் கண்ணாடி ஓரத்து ஸ்டெயின்லெஸ் பட்டையைப் பிடித்திருந்த பசை விட்டு, பட்டை கழன்று பறக்கலாம் என்பதால். ஆகவே நீளப் பட்டை என்றால் டேப்போடு முன் முனையில் ஒரு கிளிப்பும் இருப்பதாகப் பாருங்கள். காற்று நுழைவது அங்கேதான். கழற்ற வேண்டி வந்தால் நெம்பாதீர்கள். ஹேர் டிரையரால் சூடாக்கி, தூண்டில் நரம்பைப் பின்னால் விட்டு ரம்பம் மாதிரி இழுங்கள்.

கேள்வி: ஸ்டெயின்லெஸ் போல்ட் பாதியில் இறுகிக்கொண்டு முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. இது ஏன்?

வாங்க, என் ஜாதி! புதிதில் நானும் இம்பேக்ட் கன்னை வைத்து ஒரே இழுப்பு இழுத்தேன். நட்டு முக்கால் தூரம் போய்க் கிரீச்சென்று நின்றது. ஸ்டெயின்லெஸ் மரைகள் உரசும்போது அந்தத் தோல் பிய்ந்து, உலோகத்தோடு உலோகம் வெல்டிங் வைத்த மாதிரி ஒட்டிக்கொள்ளும். வேறு வழியில்லாமல் கிரைண்டரில் அறுத்தேன். பிராக்கெட்டின் இரும்பும் சேர்ந்து அறுபட, பொறி பறந்து கதவு பெயின்ட்டில் உட்கார்ந்தது. ஒரே வாரத்தில் கதவு முழுக்க மஞ்சள் புள்ளி, பாலிஷ் செலவு என் தலையில்.

மரையில் நிக்கல் கலந்த ஆன்டி-சீஸ் பேஸ்ட் கொஞ்சம் தடவி, கையால் மெதுவாக முடுக்குங்கள். பேஸ்ட் இருந்தால் வழுக்கும், அதனால் உலர்ந்த மரைக்குச் சொன்ன டார்க்கை (முடுக்கும் விசையின் அளவு) அப்படியே வைத்தால் அதிகமாக இறுகிவிடும், கொஞ்சம் குறையுங்கள்.

கேள்வி: முன்னால் பம்பருக்கு மேல் பெரிய புல் பார் (தடுப்புக் கம்பி) போடலாமா சார்? கம்பீரமாக இருக்குமே.

கம்பீரம் சரி. மோதலில் வண்டியின் முன்பகுதி நசுங்கித்தான் உள்ளே இருப்பவரைக் காப்பாற்றும், ஏர்பேக் சென்சாரும் அந்த நசுங்கலை நம்பித்தான் அமைக்கப்பட்டிருக்கிறது. சேசிஸில் நேராகப் பிடித்த கம்பி இந்தக் கணக்கைக் குழப்பும். நடந்து போகிறவர் மேல் பட்டால் அவர் கதி இன்னும் மோசம். புது வண்டிகளில் கிரில்லுக்குப் பின்னால் ரேடார் வேறு இருக்கும், உலோகம் மறைத்தால் அது குருடாகிவிடும். சில நாடுகளில் தடையே உண்டு. நான் மாட்டுவதில்லை. ஆசைக்கு கீழ் பம்பரில் ஒரு சின்னப் பட்டை போதும், ரேடியேட்டருக்குப் போகும் காற்றை மட்டும் மறைக்காதீர்கள்.

கேள்வி: இத்தனையும் மாட்டினால் மைலேஜ் அடிவாங்காதா?

கணக்குப் போட்டுவிடலாம். 76 மி.மீ. குழாய், சுவர் 2 மி.மீ. என்றால் மீட்டருக்கு ஏறக்குறைய 3.7 கிலோ. இரண்டு பக்கமும் 1.8 மீட்டர் வைத்தால் 13 கிலோ சொச்சம், பிராக்கெட்டோடு 20 பக்கம் வரும். ஒரு சின்னப் பையன் ஏறி உட்கார்ந்த மாதிரி. எல்லாவற்றையும் மாட்டி 80, 100 கிலோ ஆனால்தான் பேச்சு. அந்த எடையைச் சுமை வரம்பில் கழித்துக்கொள்ள வேண்டும், அதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: குரோம் பூசியது பாதி விலைக்குக் கிடைக்கிறதே?

கிடைக்கிறது. ஒரு கல் தெறித்து பூச்சு விட்டால் உள்ளே தண்ணீர் போய் உரிய ஆரம்பிக்கும், அப்புறம் தூக்கிப் போட வேண்டியதுதான். ஸ்டெயின்லெஸ் கீறினால் தேய்த்துப் பழையபடி கொண்டுவரலாம்.

கேள்வி: அதைத்தான் கேட்கிறேன். மிரர் ஃபினிஷில் சாவிக் கீறல் விழுந்திருக்கிறது, எப்படித் தேய்ப்பது?

நகத்தால் இழுத்துப் பாருங்கள். நகம் மாட்டவில்லை என்றால் மெட்டல் பாலிஷும் துணியும் போதும். மாட்டினால் தண்ணீர் தொட்டு 600, 800, 1000, 2000 என்று உப்புத்தாள் போக வேண்டும். ஒவ்வொரு தாளையும் முந்தையதற்குக் குறுக்காக இழுங்கள், முந்தைய கோடு முழுக்க மறைந்த பிறகே அடுத்த தாள். அவசரப்பட்டு ஒன்றைத் தாண்டினால் கடைசியில் வெயிலில் நிறுத்தும்போது அந்தக் கோடு சிரிக்கும். முடிவில் பஃபிங் வீலும் காம்பவுண்டும். ஸ்டெயின்லெஸ் சூட்டை எளிதில் கடத்தாது, அதனால் வீலை ஒரே இடத்தில் வைத்து அழுத்தினால் அங்கேயே சூடு கூடி மஞ்சளடிக்கும், மெல்லிய தகடு என்றால் நெளிந்தும் விடும். நகர்த்திக்கொண்டே இருங்கள், கை வைத்துச் சூடு பாருங்கள். நான்கு விரல் நீளக் கீறலுக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

கேள்வி: சைலன்சர் முனையில் மாட்டிய ஸ்டெயின்லெஸ் குழாய் மஞ்சளாகி இப்போது நீலமாகிவிட்டது. மட்டமான சரக்கா?

இல்லை. சூட்டில் அந்தத் தோல் தடித்துப் போவதால் வரும் நிறம் அது. பாலிஷ் போட்டால் போகும், நாலு நாள் ஓட்டினால் திரும்ப வரும். சிலர் அந்த நீலத்துக்காகவே காசு கொடுத்துச் சூடு வைக்கிறார்கள், உங்களுக்கு இலவசமாகக் கிடைத்திருக்கிறது.