படிவம் இரண்டில் படிக்கும் பிள்ளைக்குப் பெற்றோர் எவ்வளவு துணை நிற்க வேண்டும்?

மலேசியாவின் பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார்: பிள்ளை தமிழ்த் தொடக்கப்பள்ளியில் இருந்தபோது தினமும் பக்கத்தில் உட்கார்ந்து படிக்க வைத்தேன், இப்போது இடைநிலைப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு, பாடமெல்லாம் மலாயில், எனக்குப் புரியவில்லை, இனி நான் என்ன செய்ய முடியும்?

நிறையவே முடியும், அம்மா. ஹில், டைசன் என்ற இரு ஆய்வாளர்கள் 2009இல் 50 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஏறத்தாழ பதினொன்று முதல் பதினான்கு வயதுவரையுள்ள பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடத்தில் கைகொடுப்பது நல்ல மதிப்பெண்ணோடு சேர்ந்து வரவில்லை. படிப்பு எதற்கு, அடுத்து என்ன படிக்கப் போகிறாய், எப்படித் திட்டமிடுகிறாய் என்று பேசுகிற வீடுகளில்தான் மதிப்பெண் கூடியிருந்தது. வீட்டுப்பாடத்தில் ஏற்கெனவே திணறுகிற பிள்ளைக்குத்தான் பெற்றோர் அதிகம் உதவுகிறார்கள் என்பதும் காரணமாக இருக்கலாம். ஆனாலும் அந்தப் பேச்சுக்கு மலாய் தேவையில்லை. தமிழிலேயே பேசுங்கள்.

நம் ஊரில் இது இன்னும் முக்கியம். ஆறாம் ஆண்டில் எழுதிய யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இலும், படிவம் மூன்றில் எழுதிய பி.டி.3 தேர்வு 2022இலும் நிறுத்தப்பட்டன. முன்பு பி.டி.3 முடிவு வந்ததும் வீடு விழித்துக்கொள்ளும். இப்போது பள்ளித் தேர்வு அறிக்கையை நாமே கேட்டு வாங்கிப் பார்க்காவிட்டால், படிவம் ஐந்தில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வு நெருங்கும்போதுதான் பின்னடைவு தெரியும். அதிலும் மலாயும் வரலாறும் கட்டாயத் தேர்ச்சி. அவை இரண்டையும் இப்போதே கவனியுங்கள்.

ஆசிரியரைப் பார்க்கத் தயங்காதீர்கள். மலாய் சரளமாக வராதென்றால் உறவில் ஒருவரை அழைத்துப் போங்கள். அறிக்கை அட்டை தரும் நாளில் அப்பாவும் வரட்டும். டியூஷனுக்குப் பணம் கட்டுவது உதவிதான், ஆனால் அது இந்த வேலையைச் செய்யாது. மதிப்பெண் குறைந்தால் அத்தை மகனோடு ஒப்பிட்டுப் பேசாதீர்கள்; எந்தப் பாடத்தில், எந்த இடத்தில் சிக்கல் என்று உங்கள் பிள்ளையையே சொல்ல விடுங்கள்.