டிரெட்மில் வாங்கும்முன் எதைப் பார்ப்பது?

கேள்வி: வீட்டுக்கு டிரெட்மில் வாங்கலாம் என்றிருக்கிறேன். நான் நடப்பேன், மகன் ஓடுவான். எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: முதலில் மோட்டார். பெட்டிமேல் பெரிதாகப் போட்டிருக்கும் குதிரைத்திறன் பல நேரம் உச்சத் திறன்தான், கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்துவிட்டு இறங்கிவிடும். நீங்கள் கேட்க வேண்டியது தொடர்ந்து தரும் திறன், நடக்க மட்டும் என்றால் 2 போதும், மகன் ஓடுவதால் 3 பக்கம் போங்கள். அப்புறம் பெல்ட். நடக்க 120 சென்டிமீட்டர் நீளம் போதும், ஆனால் ஓடும்போது கால் எட்டி விழும், பையன் உயரம் என்றால் 140-க்குக் குறைய வேண்டாம், அகலமும் 50 இருந்தால் நல்லது. தாங்கும் எடை, உங்கள் இருவரில் கனமானவரைவிட 15, 20 கிலோ கூடுதலாக இருக்கட்டும்.

சட்டையில் மாட்டிக்கொள்ளும் பாதுகாப்புக் கிளிப்பைக் கடையிலேயே ஒருமுறை இழுத்துப் பாருங்கள், பெல்ட் நிற்க வேண்டும். புளூடூத், ஸ்பீக்கர், பெரிய திரை இதெல்லாம் என்னைக் கேட்டால் வீண் செலவு (கையில்தான் போன் இருக்கிறதே). மடக்குகிற மாடல் என்றால் நீங்களே தனியாகத் தூக்கி நிறுத்திப் பாருங்கள், விற்பவர் தூக்கிக் காட்டுவது கணக்கில் வராது. சரி, வாங்கியபின் பெல்ட்டுக்கு அடியில் அவ்வப்போது சிலிகான் எண்ணெய் விட மறக்காதீர்கள், காய்ந்துபோனால் மோட்டார் முனக ஆரம்பித்துவிடும்.