புது கார்ல கடகட சத்தம், வண்டியையே மாத்திக் கேக்கலாமா?

தேவகோட்டையில இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க. 9 லட்சத்துக்கு கார் எடுத்து மூணு வாரம்தான் ஆகுது, டேஷ்போர்டுல கடகடங்குது, பின் பம்பர் கலர் பாடியோட சேரல, ஒருத்தர் 15 ஆயிரம் குடுத்தா கேஸ் போட்டு புது வண்டியே வாங்கித் தர்றேங்கறார், குடுக்கலாமா?

குடுக்காதீங்கம்மா. கேஸ் போட புரோக்கரே வேணாம், சிவகங்கை நுகர்வோர் கமிஷனுக்கு ஆன்லைன்லயே போடலாம், 5லருந்து 10 லட்சம் வரைக்கும் பீஸ் 200 ரூபாதான். ஆனா இந்த குறைக்கு வண்டி மாறாது. சரி பண்ணக்கூடிய பாகத்துக்காக முழு வண்டியை மாத்தச் சொல்ல முடியாதுன்னு 2006லயே ஒரு கார் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு, புரோக்கர் அதை சொல்லமாட்டார்.

பம்பர் பிளாஸ்டிக், கதவு தகரம். பிளாஸ்டிக்கை தகரம் அளவுக்கு சூட்டுல காய வைக்க முடியாது, பெயிண்ட் தனியா அடிக்கிறாங்க, சில்வர் மாதிரி கலர்ல வெயில்ல பாத்தா லேசா மாறித் தெரியத்தான் செய்யும். கையால செய்யற ஆத்தங்குடி தரைக்கல்லு ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது, யாரும் குறை சொல்றதில்ல, கார்னா மட்டும் கண்ணு அங்கயே போய் நிக்கும். ஆனா இது பம்பருக்கு மட்டும்தான். கதவுக்கும் பக்கத்து தகரத்துக்கும் கலர் மாறுச்சுன்னா கதையே வேற, வர்ற வழியில இடிச்சு திரும்ப பெயிண்ட் அடிச்சிருக்கலாம். பெயிண்ட் கனம் அளக்குற மெஷின் வச்சா கம்பெனி பெயிண்ட் பெரும்பாலும் 100, 150 மைக்ரான் பக்கம் நிக்கும், ஒரு கதவு மட்டும் 300 காட்டினா விடாதீங்க. அதையும் தகரத்துல மட்டும் வைங்க, ஒருத்தர் பம்பர்ல வச்சிட்டு ஒண்ணுமே காட்டல, பெயிண்டே இல்லன்னு சண்டைக்கு போயிட்டார்!

சத்தம் அனேகமா கிளிப் லூசு. வாரண்டியில ஓசியா பண்ணணும், சர்வீஸ் அட்வைசரை பக்கத்துல உக்கார வச்சு மோசமான ரோட்டுல ஓட்டிக் காட்டுங்க. ஜாப் கார்டுல, அதான் சர்வீஸுக்கு விடும்போது குறையை எழுதுற சீட்டுல, சத்தம்னு எழுதச் சொல்லி வாங்குங்க, எழுதலன்னா நீங்க சொல்லவே இல்லன்னுதான் கணக்கு. ‘கஸ்டமர் திருப்தி’ன்னு அவங்களே எழுதி கையெழுத்து கேப்பாங்க பாருங்க, அங்கதான் எல்லாரும் ஏமாறுறது, என்ன சிஸ்டமோ! மூணு தடவை போயும் சத்தம் நிக்கலன்னா கம்பெனிக்கே மெயில் போடுங்க, அப்பறம் நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு அடிங்க.

டெலிவரி அன்னைக்கே பாத்திருக்கணும். நம்ம ஊர்ல ஷோரூம்ல சாவி வாங்குன கையோட பிள்ளையார்பட்டிக்கு விட்டு டயருக்கு எலுமிச்சம்பழம் வச்சிடறோம், கதவை ஒருதடவை திறந்து மூடிப் பாக்குறதில்ல. டெஃப்லான் கோட்டிங் போட்டா பம்பர் கலர் சேந்துரும்னு சொன்னா அதுக்கும் பணம் கட்டிராதீங்க.