உப்பு வயலும் பரம்பரையலகும்

கேள்வி: உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன். தம்பலகாமத்தில் எங்கள் வயலில் ஒரு பக்கம் உப்பேறிக் கிடக்கிறது. இதையெல்லாம் ஆராயும் வேலைக்குப் போகலாமா? – வாசகி, திருகோணமலை

பதில்: தாராளமாகப் போகலாம் தங்கச்சி, ஆனால் பேராதனை மாதிரி ஓரிடத்தில் விவசாயமோ மூலக்கூற்று உயிரியலோ படித்து, அப்புறம் கலாநிதிப் பட்டம் வரை இழுக்க வேண்டும், வீட்டில் இப்போதே சொல்லி வையுங்கள். நாற்றை உப்புக் கரைசலில் நிறுத்தி, எதன் இலை நுனி கருகாமல் நிற்கிறது என்று நாள்கணக்கில் பார்ப்பதும் இந்த வேலைதான். உப்பைத் தாங்கும் பொக்காலி என்ற நெல்லில் 1ஆம் நிறமூர்த்தத்தின் (பரம்பரையலகுகளைத் தாங்கும் இழை) ஒரு பகுதி, சோடியம் இலைக்கு அதிகம் ஏறாமல் பார்த்துக்கொள்கிறது. அந்தப் பகுதி வந்திருக்கிறதா என்று டி.என்.ஏ. அடையாளம் வைத்துப் பார்த்து, சாதாரணக் கலப்பினாலேயே வேறு நெல்லுக்குள் கொண்டுபோகிறார்கள். வெள்ளத்தில் இரண்டு வாரம் மூழ்கினாலும் பயிரைப் பிழைக்க வைக்கும் பரம்பரையலகை 2006இல் அறிவித்தார்கள். அதுவும் மாவிலாற்றுப் பக்கம் உதவுமே! சம்பளம்? சுமார்தான்.