எல்லோரும் 'இல்லை' என்று எழுதினால்

கேள்வி: நடுநிலைப் பள்ளி ஆசிரியை நான். பிள்ளைகளுக்குள் சீண்டல், மிரட்டல் எவ்வளவு இருக்கிறது என்று அறிய, 'உன்னை யாராவது கொடுமைப்படுத்துகிறார்களா? ஆம் / இல்லை' என்று எழுதிக் கேட்டேன். இருவரைத் தவிர எல்லோரும் 'இல்லை'. ஆனால் ஏழாம் வகுப்பில் ஒரு பெண் சத்துணவு வரிசைக்கே வருவதில்லை. எப்படிக் கேட்டிருக்க வேண்டும்?
- ஓர் ஆசிரியை, திருத்துறைப்பூண்டி

பதில்: அந்தப் பெண் வரிசைக்கு வராததைக் கவனித்தீர்களே, அதற்கே முதலில் என் வணக்கம். பள்ளி ஆலோசகராக நான் சேர்ந்த ஆண்டில் இதே கேள்வியைத்தான் கேட்டேன். ஒரு தாளில் 'ஆம்' கட்டத்தில் பென்சிலால் குறியிட்டு, அழித்து, மறுபடி இட்டு, மறுபடி அழித்து, அந்த இடமே நைந்துபோயிருந்தது. கடைசியில் குறி 'இல்லை'யில் இருந்தது. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

'கொடுமை' பெரிய சொல். பட்டப்பெயரையும், பையை ஒளித்துவைப்பதையும் பிள்ளைகள் அதில் சேர்ப்பதில்லை. 'விளையாட்டுக்குத்தானே' என்று நாமே சொல்லிப் பழக்கியிருக்கிறோம். ஆகவே செயலைச் சொல்லிக் கேளுங்கள்: 'நிறத்தையோ சாதியையோ சொல்லி உன்னைக் கேலி செய்தார்களா?' 'பக்கத்தில் உட்காரவிடாமல் ஒதுக்கினார்களா?' சாதியை எழுதத் தயங்க வேண்டாம். நாம் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்கள்?

'ஆம், இல்லை' போதாது. நார்வேயில் மூன்று சிறுவர்கள் உயிரை மாய்த்துக்கொண்ட பிறகு, 1983-இல் அந்நாடு விழித்தது. அங்கே உளவியலாளர் டான் ஓல்வியஸ் அமைத்த கேள்வித்தாள், 'கடந்த இரண்டொரு மாதங்களில் எத்தனை முறை?' என்று கேட்கிறது. நடக்கவே இல்லை, ஓரிரு முறை, மாதத்தில் இரண்டு மூன்று முறை, வாரம் ஒருமுறை, வாரத்தில் பலமுறை என ஐந்து விடைகள். என்றோ நடந்த ஒரு சண்டையும் தினந்தோறும் தொடரும் வதையும் அப்போதுதான் பிரிந்து தெரியும். நம் பிள்ளைகளுக்கு 'காலாண்டுத் தேர்வு விடுமுறைக்குப் பிறகு' என்று காலத்தைச் சொன்னால் சட்டென்று பிடிபடும்.

'ஆசிரியரிடம் சொன்னாயா, அவர் உதவினாரா?' என்பது இரண்டு கேள்விகள்; பிரித்துவிடுங்கள். 'நீ யாரையாவது இப்படிச் செய்தாயா?', 'பிறருக்கு நடந்ததைப் பார்த்தபோது என்ன செய்தாய்?' என்பவையும் வேண்டும்.

கட்டங்கள் இல்லாமல் பிள்ளையே விடை தரும் திறந்த கேள்வி ஒன்று போதும். நான் பள்ளியின் வரைபடத்தைக் கொடுத்து, 'போகப் பயப்படும் இடத்தில் வட்டம் போடு' என்பேன். ஒருமுறை கழிவறைக்குப் பின்னால் இருந்த தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி மட்டும் பதினோரு வட்டங்கள். யார் பெயரும் தேவைப்படவில்லை. மறுநாளே இடைவேளையில் அங்கே போய் நின்றேன்.

தாளில் பெயர் வேண்டாம். பக்கத்தில் இருப்பவர் பார்க்காதபடி தள்ளி உட்காரவையுங்கள். வகுப்பாசிரியர் கையில் வாங்காமல், பெட்டியில் போடச் சொல்லுங்கள். தாளின் அடியில் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அச்சிடுங்கள். பேச விரும்பும் பிள்ளை பெயர் எழுதித் தனியே தர ஒரு சிறு சீட்டும் வையுங்கள்.

சத்துணவு வரிசைக்கு வராத அந்தப் பெண்ணுக்குத் தாள் வரும்வரை காத்திருக்காதீர்கள். நாளை மதியம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.