பிரிட்டனில் ஏலத்துக்கு வரும் பழைய கார்களை நம்பி வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

கேள்வி கேட்ட நண்பர் லெஸ்டரில் இருக்கிறார். கையில் ஏழாயிரம் பவுண்டு இருக்கிறது. அடுத்த மாதம் வரும் ஓர் ஏலப் பட்டியலில் ஒரு ட்ரையம்ப் ஹெரால்டு கன்வர்ட்டிபிளும் (கூரையைத் திறந்து ஓட்டும் கார்) ஒரு எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரும் கண்ணில் பட்டிருக்கின்றன. வாங்கலாமா, எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

தாராளமாக வாங்கலாம். நான் இரண்டு முறை ஏலத்தில் வாங்கியிருக்கிறேன். முதலில் வாங்கிய எம்ஜிபி கையைச் சுட்டது. அடுத்து வாங்கிய ஹெரால்டு இன்றும் வீட்டு வாசலில் நிற்கிறது. நடுவில் ஒரு காரை வேண்டாம் என்று விட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன். நான் அதிகம் கற்றுக்கொண்டது அன்றைக்குத்தான்.

எனக்கு ஹெரால்டு மேல் பாசம் வந்தது தாம்பரத்தில். பெரியப்பாவிடம் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருந்தது. வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில், இங்கிலாந்தின் ட்ரையம்ப் ஹெரால்டை 1961லிருந்து அந்தப் பெயரில் தயாரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியப்பா பானெட்டைத் திறப்பார். மட்கார்டு, ஹெட்லைட், கிரில் எல்லாம் சேர்ந்து காரின் முன்பக்கம் மொத்தமும் முன்னால் சாய்ந்து எழும்பும். என்ஜின் திறந்தவெளியில் நிற்கும். அவர் முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு, “டேய், அந்த அரை இஞ்ச் ஸ்பேனரை எடு” என்பார். எடுத்துக் கொடுப்பது என் வேலை.

இப்போது நான் கவென்ட்ரியில் இருக்கிறேன். ஹெரால்டைத் தயாரித்த கேன்லி தொழிற்சாலை இந்த ஊரில்தான் இருந்தது. அந்தக் கார் ஏன் அப்படித் திறந்தது என்பதற்கான காரணத்தை இங்கே வந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஸ்டாண்டர்டு-ட்ரையம்ப் நிறுவனத்துக்கு பாடி செய்து கொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோவை, போட்டி நிறுவனமான பி.எம்.சி. 1953இல் வாங்கிவிட்டது. முழு பாடியையும் ஒரே இடத்தில் செய்து தர ஆள் இல்லை. அதனால் துண்டு துண்டாகப் பல இடங்களில் செய்து, தனிச் சேசிஸின் (காரைத் தாங்கும் இரும்பு அடிச்சட்டம்) மேல் போல்ட் போட்டு முடுக்கும்படி வடிவமைத்தார்கள். மற்றவர்கள் தனிச் சேசிஸைக் கைவிட்டுக்கொண்டிருந்த காலத்தில், 1959இல், இது சேசிஸோடு வந்தது. தோற்றத்தை வரைந்தவர் இத்தாலிக்காரரான ஜொவான்னி மிக்கெலாட்டி. லண்டன் டாக்சி மாதிரி 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும்.

அந்த போல்ட்டுகளால்தான் இன்று ஏலத்தில் கவனமாக இருக்க வேண்டியிருக்கிறது. கூரையும் போல்ட்டில்தான் நிற்கிறது. கழற்றி வைத்துவிட்டு, கித்தான் மேல்மூடி ஒன்றை வாங்கி மாட்டினால் சாதாரண சலூன், அதாவது கூரை மூடிய கார், கன்வர்ட்டிபிள் ஆகிவிடும். கன்வர்ட்டிபிளுக்கு விலை அதிகம் என்பதால் பல சலூன்கள் அப்படி மாறியிருக்கின்றன.

நான் விட்டுவிட்டு வந்த கார் அந்த வகை. நல்ல சிவப்பு, குரோம் பளபளக்கிறது, புது மேல்மூடி. பட்டியலில் “கன்வர்ட்டிபிள்” என்று மட்டும் போட்டிருந்தார்கள். ஏலத்துக்கு முந்தின நாள் பார்வைக்கு விட்டபோது பானெட்டைத் திறந்து, உள்ளே அடித்திருக்கும் தகட்டைப் படித்தேன். ஆலை ஒவ்வொரு காருக்கும் கொடுத்த கமிஷன் எண் என்று ஒன்று அதில் இருக்கும். எண்ணின் கடைசியில் சி.வி. என்று இருந்தால் ஆலையிலிருந்தே கன்வர்ட்டிபிளாக வந்த வண்டி. அந்தத் தகட்டில் டி.எல். என்று இருந்தது, அதாவது சலூன். அங்கிருந்த ஊழியரிடம் கேட்டேன். உரிமையாளர் சொன்னதைத்தான் பட்டியலில் போட்டோம் என்றார். மாற்றிக் கட்டிய காரை வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அது அப்படிப்பட்ட கார் என்று சொல்லி, அதற்கேற்ற விலைக்கு விற்க வேண்டும். சொல்லாமல் விற்பது தப்பு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மறுநாள் அந்தக் கார் நல்ல விலைக்குப் போனது. வாங்கியவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அதைப் பார்த்து மனசு கஷ்டமாகத்தான் இருந்தது.

சரி, எம்ஜிபி விஷயம். 1962 முதல் 1980 வரை ஆபிங்டனில் செய்த கார். ஐந்து லட்சத்துக்கு மேல் செய்தார்கள், அதனால் ஏலத்துக்கு நிறைய வருகிறது, உதிரிபாகமும் தாராளமாகக் கிடைக்கிறது. ஹெரால்டு மாதிரி இதற்குத் தனிச் சேசிஸ் கிடையாது. பாடிதான் காரைத் தாங்குகிறது. அதிலும் கதவுக்கு அடியில் நீளமாக ஓடும் சில் என்கிற பகுதிதான் முதுகெலும்பு. பிரிட்டனில் குளிர்காலத்தில் சாலையில் உப்புப் போடுவார்கள், அந்த உப்புத் தண்ணீர் சில்லுக்குள் புகுந்து உள்ளேயிருந்து தின்னும். நான் வாங்கிய காரில் சில் புதிதாக இருந்தது. அது மட்டுமில்லை, பெயின்டும் புதிது. வீட்டுக்குக் கொண்டுவந்து ஒர்க்‌ஷாப்பில் ஜாக்கி போட்டுத் தூக்கியதும் கதவு திறக்கவில்லை. கார் நடுவில் வளைந்து கதவைக் கவ்விக்கொண்டது. வெட்டிப் பார்த்தபோது, பொடிப்பொடியாய் உதிர்ந்துகொண்டிருந்த பழைய சில்லின் மேல் புதுத் தகட்டை ஒட்டவைத்து, பட்டி போட்டு இழைத்துப் பெயின்ட் அடித்திருந்தது தெரிந்தது. ஏலத்தில் நான் கொடுத்தது 4,200 பவுண்டு. வெல்டிங்குக்கு மட்டும் மூவாயிரத்தைத் தாண்டியது.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். சில்லின் மேல், சக்கர வளைவின் ஓரத்தில், கதவின் அடியில் மெதுவாக நகர்த்துங்கள். இரும்பு இருக்கும் இடத்தில் இழுக்கும். பட்டி தடிமனாக இருக்கும் இடத்தில் பிடி விட்டுச் சரியும். லேண்ட் ரோவர் மாதிரி அலுமினிய பாடிக்கு இது ஒத்துவராது, அங்கே அடியில் இருக்கும் இரும்புச் சேசிஸைத்தான் தட்டிப் பார்க்க வேண்டும். அப்புறம், கதவை மூடிவிட்டுச் சுற்றியுள்ள இடைவெளியைப் பாருங்கள். மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

ஹெரால்டில் பார்க்க வேண்டியது வேறு. சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள், டிக்கிக்கு அடியில் இருக்கும் பகுதி, இவை முதலில் துருப்பிடிக்கும். இதைவிட முக்கியம் முன்சக்கரத்தின் ட்ரன்னியன். சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் தண்டின் அடிநுனி மரை போட்டு ஒரு வெண்கலத் துண்டுக்குள் இறங்கியிருக்கும், ஸ்டியரிங்கைத் திருப்பினால் அந்த மரையில்தான் சுழலும். அதற்குள் கியர் ஆயில் விட வேண்டும். கிரீஸ் கன் கையில் இருக்கிறதே என்று பலர் கிரீஸ் அடித்துவிடுகிறார்கள். கிரீஸ் காய்ந்துபோகும், தண்ணீர் இறங்கும், மரை துருப்பிடித்து ஒரு நாள் தண்டு ஒடியும். ஒடிந்தால் முன்சக்கரம் மடங்கிக் காருக்கு அடியில் போய்விடும். ஆகவே ஹெரால்டு, அதன் குடும்பத்து ட்ரையம்ப் கார்களான விட்டெஸ், ஸ்பிட்ஃபயர் எதைப் பார்த்தாலும் “ட்ரன்னியனுக்கு என்ன போட்டீர்கள்?” என்று கேளுங்கள். “ஆயில்” என்று யோசிக்காமல் பதில் வந்தால் அந்தக் காரைக் கவனித்துப் பார்த்துக்கொண்டவரிடம் பேசுகிறீர்கள்.

ஆனால் ஏலத்தில் உரிமையாளரைச் சந்திப்பது அபூர்வம். ஓட்டிப் பார்க்கவும் விடமாட்டார்கள், அதிகம் போனால் ஸ்டார்ட் செய்து காட்டுவார்கள். (ஸ்டார்ட் செய்வதற்கு முன் ரேடியேட்டரைத் தொட்டுப் பாருங்கள். ஏற்கெனவே சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் கிளம்பாத வண்டியாக இருக்கலாம்.) அதனால்தான் காரோடு வரும் ஃபைலுக்கு இவ்வளவு மதிப்பு.

நான் இப்போது வைத்திருக்கும் ஹெரால்டு 13/60 சலூனை ஃபைலைப் பார்த்துத்தான் வாங்கினேன். 1969 மாடல், 1296 சிசி. நிறம் மங்கல், பின் மட்கார்டில் ஒரு நசுங்கல், சீட்டில் தையல் விட்டிருந்தது. பார்வை நாளில் அதன் பக்கம் யாரும் நிற்கவில்லை. ஃபைலுக்குள் பள்ளிக்கூட நோட்டு ஒன்று இருந்தது. முந்தைய உரிமையாளர் பென்சிலில் வரி வரியாக எழுதியிருந்தார்: தேதி, ஓடிய மைல், செய்த வேலை. ஒவ்வொரு வசந்தத்திலும் ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தது, “ட்ரன்னியன், ஆயில்”. கடைசிப் பக்கங்களில் கையெழுத்து நடுங்கத் தொடங்கியிருந்தது. அப்போதும் அந்த வரி விட்டுப்போகவில்லை. அங்கேயே முடிவு செய்துவிட்டேன், கை தூக்குவதென்று.

ஃபைல் மெலிதாக இருந்தால் வேறு வழிகளும் உண்டு. இங்கே எம்.ஓ.டி. என்கிற வருடாந்திர வாகனத் தகுதிச் சோதனையின் பழைய முடிவுகளை அரசுத் தளத்தில் வண்டி எண் போட்டு இலவசமாகப் பார்க்கலாம். எந்த வருடம் எத்தனை மைல், எங்கே துரு என்று எழுதினார்கள், எல்லாம் தெரியும். நாற்பது வயது தாண்டிய, பெரிதாக மாற்றிக் கட்டாத கார்களுக்கு 2018 மே முதல் இந்தச் சோதனை கட்டாயமில்லை. அதனால் பல ஏலக் கார்கள் வருடக்கணக்கில் யாரும் அடியில் பார்க்காமல் வருகின்றன. கட்டாயமில்லாதபோதும் சோதனைக்குக் கொண்டுபோன கார் என்றால் என் பார்வையில் ஒரு படி மேல். கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் தயாரிப்புப் பதிவேட்டிலிருந்து சான்றிதழ் தருகிறது, கட்டணம் உண்டு. எம்ஜி, ஆஸ்டின், மோரிஸ், ட்ரையம்ப் கார்களுக்கு ஆலையை விட்டு வந்த தேதி, முதல் நிறம், என்ஜின் எண் எல்லாம் அதில் வரும்.

பணக் கணக்கு. சுத்தியல் விழும் விலையோடு முடிவதில்லை. ஏல நிறுவனம் வாங்குபவரிடமும் கமிஷன் வாங்கும், இடத்துக்கு இடம் மாறும், அந்தக் கமிஷன் மேல் 20 சதவீதம் வாட் வரி. உதாரணத்துக்கு 12 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 6,000 பவுண்டுக்கு விழுந்த காருக்கு 720 கமிஷன், 144 வாட், மொத்தம் 6,864. வண்டியை ஏற்றிக்கொண்டு வரும் செலவு தனி. டயரின் பள்ளம் ஆழமாகவே தெரியும், ஆனால் ரப்பர் இருபது வருடம் பழையதாக இருக்கும், அதையும் மாற்ற வேண்டும். ஆகவே ஏழாயிரம் கையில் இருந்தால் ஐயாயிரத்தில் கையை இறக்கிவிடுங்கள். அந்த எண்ணைப் பட்டியலின் ஓரத்தில் எழுதிக்கொண்டு உட்காருங்கள். எதிராளி ஒருவர் விடாமல் ஏற்றும்போது இன்னொரு இருநூறுதானே என்று மனசு சொல்லும், கேட்காதீர்கள். குறைந்தபட்ச விலையைத் தொடாமல் விற்காமல் நின்ற கார்களை ஏலம் முடிந்ததும் அலுவலகத்தில் போய்க் கேட்கலாம். நிதானமாகப் பேசி வாங்க அது நல்ல நேரம்.

செய்தியில் வரும் விலைகளைப் பார்த்து மயங்கவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். 1956 லெ மான் பந்தயத்தில் ஜெயித்த ஜாகுவார் டி-டைப் 2016இல் 2 கோடியே 17 லட்சம் டாலருக்கு மேல் போனது. மறு வருடம் ஆஸ்டன் மார்ட்டின் டிபிஆர்1 ஒன்று 2 கோடியே 25 லட்சத்துக்கு மேல் போனது. அது வேறு உலகம். ஜாகுவார் ஈ-டைப் வாங்க ஆசை என்றும் ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அழகில் அதற்கு ஈடு கிடையாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பின் பிரேக் டிஸ்க் சக்கரத்தில் இல்லாமல் நடுவில் டிஃபரென்ஷியலை ஒட்டி இருக்கிறது. அதில் கை வைக்கப் பின்பாகம் முழுவதையும் இறக்க வேண்டிவரும். அந்தக் கூலியைக் கேட்டுவிட்டு ஆசைப்படுங்கள்.

நாற்பது வயது தாண்டிய காருக்குச் சாலை வரி இல்லை, அந்த விலக்குக்குப் பதிவு மட்டும் செய்ய வேண்டும். பெட்ரோல் மட்டும் கவனம். இங்கே சாதாரண பங்க் பெட்ரோல் 2021லிருந்து இ10, அதாவது 10 சதவீதம் வரை எத்தனால் கலந்தது, பழைய ரப்பர் குழாய்களை அது கெடுக்கும். எத்தனால் குறைவான இ5 சூப்பர் போடுங்கள்.

நீங்கள் பார்த்த இரண்டில் எது என்றால், அந்த ஹெரால்டு உண்மையான கன்வர்ட்டிபிளாக இருந்து சேசிஸும் திடமாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஹெரால்டு. எம்ஜிபி வேகமான கார், நெடுஞ்சாலைக்கு ஏற்றது. ஆனால் பட்டியல் படத்தில் தெரியும் புதுப் பெயின்ட் எனக்குப் பிடிக்கவில்லை. பார்வை நாளில் போய், ஹெரால்டின் தகட்டைப் படம் எடுத்துக் கீழே கருத்துப் பகுதியில் போடுங்கள். கடைசி இரண்டு எழுத்து தெளிவாக விழட்டும். சேசிஸை அடியிலிருந்து நாலு படம் எடுத்துப் போட்டால் அதையும் பார்த்துச் சொல்கிறேன்.